சோவியத்துகளின் ஆட்சி ஒரே மனிதரின் ஆட்சியானது எப்படி?

ரஷ்யப் புரட்சி பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு விடைகள் தயாராக வந்து நிற்கின்றன. லெனின் கட்டியதை ஸ்டாலின் கெடுத்தார் என்பது ஒன்று. கம்யூனிசம் என்றாலே சர்வாதிகாரம்தான், இதில் ஆராய என்ன இருக்கிறது என்பது மற்றொன்று. இரண்டுமே கேள்வியை மூடிவிடுகின்றன.

1917-இல் தொழிலாளர்கள் தங்கள் பிரதிநிதியைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். பிடிக்காவிட்டால் எந்த நாளும் திரும்ப அழைத்துக்கொள்ளலாம் என்ற உரிமையும் அவர்களுக்கு இருந்தது. இருபதே ஆண்டுகளில் அதே ஆட்சி, எந்த மாகாணத்தில் எத்தனை பேரைச் சுடலாம் என்று மாஸ்கோவிலிருந்து எண்ணிக்கை அனுப்பியது. இடையில் எடுத்த முடிவுகள் தேதியோடு பதிவாகியிருக்கின்றன. அவற்றை வரிசையாகப் படித்தால் ஒன்று தெளிவாகிறது: ஆட்சியைப் பார்த்து ‘கூடாது’ என்று சொல்லக்கூடிய இடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மூடியவர்கள் பெரும்பாலும் உண்மையான நெருக்கடியைக் காட்டியே மூடினார்கள். பின்னால் அவர்களுக்கே பேச இடம் தேவைப்பட்டபோது ஒன்றும் மிச்சமில்லை.

(கீழே வரும் தேதிகள் எல்லாம் இன்றைய காலண்டர்படி. ரஷ்யாவின் பழைய காலண்டர் 13 நாள் பின்தங்கியிருந்ததால்தான் நவம்பர் 7-இல் நடந்ததை அக்டோபர் புரட்சி என்கிறோம்.)

முதலில் சில அடிப்படைகள்

1. சோவியத்: ஆலைகளிலும் படைப்பிரிவுகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளின் மன்றம். 1905 புரட்சியில் தோன்றியது. எல்லா சோஷலிசக் கட்சிகளும் இதில் இருந்தன.

2. போல்ஷ்விக், மென்ஷ்விக்: ஒரே மார்க்சியக் கட்சி 1903-இல் பிளந்து உருவான இரு அணிகள். கட்டுப்பாடு மிக்க, இறுக்கமான கட்சி வேண்டும் என்றார்கள் லெனின் தலைமையிலான போல்ஷ்விக்குகள். வாசலை அகலத் திறந்த கட்சி வேண்டும் என்றார்கள் மென்ஷ்விக்குகள். கிராமங்களில் இந்த இருவரையும்விடச் செல்வாக்குப் பெற்றிருந்தது சோஷலிஸ்ட் புரட்சியாளர் கட்சி.

3. பாட்டாளி வர்க்க சர்வாதிகாரம்: உழைக்கும் வர்க்கம் ஆட்சியைப் பிடித்து, பழைய உடைமை வர்க்கங்களின் எதிர்ப்பை அடக்கி நடத்தும் இடைக்கால ஆட்சி. ஒரே கட்சிதான் இருக்க வேண்டும் என்று மார்க்ஸ் எங்கும் சொல்லவில்லை. ஆனால் அந்த வர்க்கத்தின் பெயரால் பேசும் உரிமை யாருக்கு, அதை யார் சரிபார்ப்பது என்பதையும் அவர் விரிவாகச் சொல்லவில்லை.

4. ஜனநாயக மத்தியத்துவம்: முடிவெடுக்கும்வரை விவாதம், எடுத்த பின் கட்டுப்பாடு. கீழ்க்கமிட்டி மேல்கமிட்டியைத் தேர்ந்தெடுக்கும். மேல்கமிட்டியின் முடிவுக்குக் கீழ்க்கமிட்டி கட்டுப்படும். இதில் தேர்தல் வெறும் சடங்காகிவிட்டால் மிஞ்சுவது கீழ்ப்படிதல் மட்டுமே.

1917: ஒரே ஆண்டில் இரண்டு புரட்சிகள்

முதல் உலகப் போரின் மூன்றாம் ஆண்டில், மார்ச் 8 மகளிர் தினத்தன்று, அன்றைய தலைநகர் பெட்ரோகிராடின் நெசவாலைப் பெண்கள் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். ஒரே வாரத்தில் ஜார் மன்னர் இரண்டாம் நிக்கோலஸ் முடி துறந்தார். ஒரு பக்கம் தற்காலிக அரசு, மறுபக்கம் சோவியத்துகள் என அதிகாரம் இரண்டாகப் பிரிந்து நின்றது. தற்காலிக அரசு போரை நிறுத்தவில்லை, நிலத்தையும் பங்கிடவில்லை. சமாதானம், நிலம், ரொட்டி, எல்லா அதிகாரமும் சோவியத்துகளுக்கே என்று முழங்கிய போல்ஷ்விக்குகள் இலையுதிர் காலத்துக்குள் பெட்ரோகிராட், மாஸ்கோ சோவியத்துகளில் பெரும்பான்மை பெற்றார்கள். நவம்பர் 7-இல் ஆட்சி அவர்கள் கைக்கு வந்தது. நிலப்பிரபுக்களின் நிலம் நட்டஈடின்றிப் பறிமுதல் என்ற ஆணை மறுநாளே வெளியானது. கோடிக்கணக்கான விவசாயிகளின் வாழ்க்கையை மாற்றிய ஆணை அது. வெறும் ஆயுத பலத்தால் வந்த ஆட்சி என்று இதைச் சொல்லிவிட முடியாது.

முதல் எட்டு மாதங்கள்

சர்வாதிகாரத்தின் தொடக்கத்தை 1929-இல் தேடுபவர்கள் இந்த எட்டு மாதங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1. நவம்பர் 9, 1917: பத்திரிகை ஆணை. எதிர்ப்பைத் தூண்டும் பத்திரிகைகளை மூட அரசுக்கு அதிகாரம். இது தற்காலிகமானது, இயல்பு நிலை திரும்பியதும் விலக்கப்படும் என்று அந்த ஆணையிலேயே எழுதியிருந்தது.

2. நவம்பர் நடுப்பகுதி: எல்லா சோஷலிசக் கட்சிகளும் சேர்ந்து அரசு அமைக்க வேண்டும் என்று ரயில்வே தொழிற்சங்கம் அழுத்தம் கொடுத்தது. லெனின் ஏற்கவில்லை. காமெனெவ், ஜினோவியெவ், ரீகோவ் உள்ளிட்ட ஐந்து தலைவர்கள் கட்சியின் மத்தியக் குழுவிலிருந்தே விலகினார்கள். போல்ஷ்விக்குகள் மட்டும் நடத்தும் அரசை அரசியல் பயங்கரத்தின் மூலம்தான் காப்பாற்ற முடியும் என்று அப்போதே எச்சரித்தார்கள் அதிருப்தியாளர்கள். சில வாரங்களில் பலரும் கட்சித் தலைமைக்குத் திரும்பிவிட்டார்கள். எச்சரிக்கை பலித்தது.

3. டிசம்பர் 20: எதிர்ப்புரட்சியை ஒடுக்க ‘செக்கா’ என்ற சிறப்பு ஆணையம். தலைவர் ஜெர்ஜின்ஸ்கி. நீதிமன்றத்துக்குப் போகாமலே தண்டிக்கும் அதிகாரத்தை இது விரைவில் எடுத்துக்கொண்டது.

4. ஜனவரி 1918: அரசியல் நிர்ணய சபை. வயது வந்த எல்லாருக்கும் வாக்குரிமை இருந்த தேர்தலில் போல்ஷ்விக்குகளுக்குக் கிடைத்தது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு வாக்கு. சோஷலிஸ்ட் புரட்சியாளர் கட்சியே முதலிடம். ஜனவரி 18-ஆம் தேதி சபை கூடியது. அன்று பகலில் சபைக்கு ஆதரவாக வந்த ஊர்வலத்தின் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. மறுநாள் அதிகாலை, காவலுக்கு நின்ற மாலுமிகளின் தலைவர் ஜெலெஸ்னியாகோவ் மேடைக்குப் போய், காவலர்கள் களைத்துவிட்டார்கள், கலைந்து போங்கள் என்றார். சபை அதன் பிறகு கூடவே இல்லை.

5. ஜூன் 1918: சோவியத்துகளின் மத்தியச் செயற்குழுவிலிருந்து மென்ஷ்விக்குகளும் சோஷலிஸ்ட் புரட்சியாளர்களும் வெளியேற்றம். சோஷலிஸ்ட் புரட்சியாளர் கட்சியிலிருந்து பிரிந்து, போல்ஷ்விக்குகளோடு கூட்டணியில் சில மாதம் இருந்த இடது சோஷலிஸ்ட் புரட்சியாளர்களும் ஜூலைக் கலகத்தோடு வீழ்ந்தார்கள். சோவியத்துகள் இருந்தன, அவற்றில் போட்டி இல்லை.

ஜெர்மன் சிறையிலிருந்த ரோசா லக்ஸம்பர்க் அதே ஆண்டில் இந்த ஆபத்தைக் கண்டார். புரட்சியை முழு மனதோடு ஆதரித்தவர் அவர். பொதுத் தேர்தலும் பத்திரிகைச் சுதந்திரமும் கருத்து மோதலும் இல்லாவிட்டால் எல்லா நிறுவனங்களிலும் உயிர் வற்றிப்போகும், அதிகார வர்க்கம் மட்டுமே இயங்கும் என்று எழுதினார். புரட்சியின் எதிரிகள் யாரும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லவில்லை.

உள்நாட்டுப் போர் செய்தது

போல்ஷ்விக் ஆட்சியை எதிர்த்த வெண்படைகள் நாலாபுறமும் இருந்து வந்தன. பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்கா, ஜப்பான் ஆகியவையும் துருப்புகளை இறக்கின. 1918 ஆகஸ்ட் 30 அன்று பெட்ரோகிராட் செக்கா தலைவர் உரீட்ஸ்கி கொல்லப்பட்டார். அதே நாளில் மாஸ்கோவில் லெனின் சுடப்பட்டு உயிர் பிழைத்தார். ஒரே வாரத்துக்குள் ‘சிவப்புப் பயங்கரம்’ அரசாணையாகவே வந்தது.

கிராமங்களில் ஆயுதப் படைகள் தானியத்தைப் பறித்தன. நகரங்கள் காலியாயின: 1917-இல் 20 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழ்ந்த பெட்ரோகிராடில் 1920-இல் எஞ்சியது 7 லட்சம் அளவுதான். புரட்சியைச் செய்த ஆலைத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினர் போர்முனையில் இறந்தார்கள், ஒரு பகுதியினர் பசியால் கிராமத்துக்குப் போனார்கள், இன்னொரு பகுதியினர் அலுவலகங்களில் அதிகாரிகளானார்கள். எந்த வர்க்கத்தின் பெயரால் ஆட்சி நடந்ததோ அந்த வர்க்கமே சிதறிவிட்டது. மிஞ்சியது கட்சி. அதுவும் உத்தரவிட்டுப் பழகிய, ராணுவச் சீருடை அணிந்த கட்சி.

மார்ச் 1921: வென்ற பிறகு போட்ட பூட்டு

போர்தான் காரணம் என்றால், போர் முடிந்ததும் பிடி தளர்ந்திருக்க வேண்டும். அதனால்தான் 1921 மார்ச் மாதத்தை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். அப்போது வெண்படைகள் தோற்றுவிட்டன.

பெட்ரோகிராடுக்கு மேற்கே, பின்லாந்து வளைகுடாவில் இருக்கிறது குரோன்ஸ்டாட் கடற்படைத் தீவு. 1917-இல் புரட்சியின் பெருமை என்று போல்ஷ்விக் தலைவர் டிராட்ஸ்கி புகழ்ந்த இடம். பிப்ரவரி 28 அன்று ‘பெட்ரோபாவ்லோவ்ஸ்க்’ போர்க்கப்பலின் மாலுமிகள் 15 கோரிக்கைகள் கொண்ட தீர்மானம் போட்டார்கள். சோவியத்துகளுக்கு ரகசிய வாக்கெடுப்பில் மறுதேர்தல். தொழிலாளர், விவசாயிகள், அனார்க்கிஸ்டுகள், இடதுசாரிக் கட்சிகளுக்குப் பேச்சு, எழுத்துச் சுதந்திரம். சிறையிலிருக்கும் சோஷலிஸ்டுகளின் விடுதலை. எல்லோருக்கும் சம ரேஷன். கூலியாள் வைக்காமல் உழும் விவசாயிக்குத் தன் நிலத்தின் மீது முழு உரிமை. முதலாளித்துவத்தை யாரும் திரும்பக் கேட்கவில்லை. கலைக்கப்பட்ட அரசியல் நிர்ணய சபையைக்கூடக் கேட்கவில்லை. 1917-இல் சொன்ன சோவியத் ஆட்சியைக் கொடுங்கள் என்றுதான் கேட்டார்கள்.

அரசு இதை வெண்படைத் தளபதிகளின் சதி என்று அறிவித்தது. உறைந்த கடல் உருகிவிட்டால் தீவை நெருங்க முடியாது என்பதால் அவசரம் காட்டியது. துகாசெவ்ஸ்கி தலைமையில் செம்படை வீரர்கள் வெள்ளை அங்கி போர்த்தி பனிக்கட்டியின் மீது நடந்துபோய்த் தாக்கினார்கள். மார்ச் 18-க்குள் எல்லாம் முடிந்தது.

அதே நாட்களில் மாஸ்கோவில் கட்சியின் 10-ஆவது மாநாடு நடந்துகொண்டிருந்தது. பிரதிநிதிகளில் சுமார் 300 பேர் குரோன்ஸ்டாட் தாக்குதலுக்கே புறப்பட்டுப் போனார்கள். விவசாயிகளின் தானியத்தைப் பறிப்பதை நிறுத்தி, வரி மட்டும் வாங்கும் முடிவை மாநாடு எடுத்தது. பொருளாதாரத்தில் பிடியைத் தளர்த்தியவர்கள் அரசியலில் இறுக்கினார்கள். கட்சிக்குள் இயங்கிய ஷ்லியாப்னிகோவ், கொலந்தாய் ஆகியோரின் ‘தொழிலாளர் எதிரணி’யை மனதில் வைத்து, கட்சிக்குள் தனி அணிகளைத் தடை செய்யும் தீர்மானத்தை லெனினே கொண்டுவந்தார். அதன் 7-ஆவது பிரிவு ரகசியமாக வைக்கப்பட்டது: அணி கட்டினால் மத்தியக் குழு உறுப்பினரையே மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் நீக்கலாம்.

இந்த விதி நாளை யார் மீது பாயும் என்று தெரியவில்லை, நம் மீதே பாயலாம் என்று கார்ல் ராடெக் அந்த மாநாட்டிலேயே எழுந்து சொன்னார். சொல்லிவிட்டு, ஆபத்தான நேரம் என்பதால் ஆதரிக்கிறேன் என்று வாக்களித்தார். 1937-இல் அவர் துரோகி என்று தண்டிக்கப்பட்டார். இரண்டு ஆண்டுகளில் சிறையிலேயே கொல்லப்பட்டார். துகாசெவ்ஸ்கியும் அதே 1937-இல் சுட்டுக்கொல்லப்பட்டார்.

வெளியே மற்றக் கட்சிகள் இல்லை. இனி உள்ளேயும் மாற்று அணி இல்லை. ஒரு கட்சி ஆட்சி ஒரு மனிதர் ஆட்சியாக மாறுவதற்கான வழி இங்கேதான் திறந்தது.

நியமனம் என்ற ஆயுதம்

1922 ஏப்ரல் 3 அன்று ஸ்டாலின் கட்சியின் பொதுச்செயலாளரானார். அன்று அதை யாரும் பெரிய பதவியாக நினைக்கவில்லை. டிராட்ஸ்கி செம்படையை உருவாக்கியவர், ஜினோவியெவ் உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பான கம்யூனிஸ்ட் அகிலத்தின் தலைவர், புகாரின் கோட்பாட்டாளர். செயலகத்தின் வேலையோ ஆட்களின் கோப்புகளைப் பராமரிப்பது, யாரை எந்த ஊருக்கு அனுப்புவது என்று தீர்மானிப்பது. பேரரசு அளவுக்குப் பரந்த நாட்டில் ஆயிரக்கணக்கான பொறுப்புகளுக்கு ஆள் தேவைப்பட்டது. அந்த நியமனங்கள் ஓடிய பாதையைப் பாருங்கள்:

1. மாவட்ட, மாகாணச் செயலாளர்களை மாஸ்கோ செயலகம் ‘பரிந்துரைக்கிறது’. உள்ளூர்க் கமிட்டி அதை அப்படியே தேர்ந்தெடுக்கிறது.
2. அந்தச் செயலாளர்கள் மாநாட்டுக்குப் போகும் பிரதிநிதிகளைத் தீர்மானிக்கிறார்கள்.
3. மாநாடு மத்தியக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறது.
4. மத்தியக் குழு பொதுச்செயலாளரைத் தேர்ந்தெடுக்கிறது.

தன்னைத் தேர்ந்தெடுப்பவர்களைத் தானே தேர்ந்தெடுக்கும் வசதி இது. இதற்குப் பேச்சுத்திறனோ புகழோ தேவையில்லை. அணிகளுக்குத் தடை இருந்ததால், மாற்றுப் பட்டியலோடு யாரும் போட்டியிடவும் முடியாது. செயலாளரின் வீடு, ரேஷன், பிள்ளைகளின் எதிர்காலம் எல்லாம் மேலிடத்தின் கையில் இருந்தன. லெனின் இறந்த 1924-இல் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய உறுப்பினர்கள் சேர்க்கப்பட்டார்கள். புரட்சிக்கு முந்தைய தலைமறைவு வாழ்க்கையையோ வெளிப்படையான விவாதத்தையோ இவர்களில் பெரும்பாலோர் அறிந்ததில்லை.

நோயில் படுத்த லெனின் இதை ஓரளவு உணர்ந்தார். 1922 டிசம்பரில் மாநாட்டுக்கு அவர் சொல்லி எழுதவைத்த கடிதத்தில், ஸ்டாலின் கையில் அளவற்ற அதிகாரம் குவிந்துவிட்டது, அதை எப்போதும் எச்சரிக்கையோடு பயன்படுத்துவாரா என்பது சந்தேகம் என்றார். 1923 ஜனவரி 4 அன்று, அவரை அந்தப் பதவியிலிருந்து மாற்றுங்கள் என்றே சேர்த்தார். அதிகாரத்தைக் குவித்த அமைப்பை மாற்றச் சொல்லாமல் ஆளை மாற்றச் சொன்னார் என்பது என் வருத்தம். அந்தக் கடிதமும் 1924-இல் பிரதிநிதிகளுக்குக் குழுக்குழுவாக வாசித்துக் காட்டப்பட்டது. நாட்டு மக்களுக்கு வெளியிடப்படவில்லை. டிராட்ஸ்கி மீதிருந்த பயத்தில் ஜினோவியெவும் காமெனெவும் அன்று ஸ்டாலினைக் காப்பாற்றினார்கள்.

1925 டிசம்பரில் அதே காமெனெவ் மாநாட்டு மேடையில் நின்று, ஒரே தலைவர் என்ற கோட்பாட்டை எதிர்க்கிறோம், தோழர் ஸ்டாலினால் கட்சித் தலைமையை ஒன்றுபடுத்த முடியாது என்றார். அரங்கம் கூச்சலிட்டது. பிரதிநிதிகள் எழுந்து நின்று ஸ்டாலினை வாழ்த்தினார்கள். ஆதரவு கொடுத்தது லெனின்கிராட் (பெட்ரோகிராடின் புதிய பெயர்) குழு மட்டுமே. அதற்கும் காரணம் உண்டு: லெனின்கிராடில் நியமன அதிகாரம் ஜினோவியெவ் கையில் இருந்தது. மாநாட்டில் மோதியவை கருத்துகள் மட்டுமல்ல, இரண்டு நியமனப் பட்டியல்கள். விரைவில் ஸ்டாலினின் ஆதரவாளர் கீரோவ் லெனின்கிராடுக்கு அனுப்பப்பட்டார். அந்தப் பட்டியலும் மாறியது.

டிராட்ஸ்கி 1927 நவம்பரில் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார், 1929-இல் நாடு கடத்தப்பட்டார். 1921-இல் அணித் தடைக்கு ஆதரவாக நின்றவரும் அவரே. அடுத்த முறை புகாரினுக்கு. 1928 ஜூலையில் அவர் ரகசியமாகக் காமெனெவைப் போய்ப் பார்த்தார். ஸ்டாலின் ஒரு செங்கிஸ்கான், நம்மை நெரித்துவிடுவார் என்று பதறினார். காமெனெவின் அணியை நொறுக்கும்போது ஸ்டாலினோடு நின்றவர் இதே புகாரின். 1929 நவம்பரில் அவரும் கட்சியின் உச்ச அமைப்பான அரசியல் தலைமைக் குழுவிலிருந்து தூக்கப்பட்டார்.

எதிர்ப்பே இல்லாத அரசு கிராமத்தில் செய்தது

விவசாயிகளைக் கூட்டுப்பண்ணைகளில் சேர்க்கும் திட்டம் 1929 கடைசியில் போர் வேகத்தில் தொடங்கியது. வசதியான விவசாயிகள் ‘குலாக்’ என்று முத்திரை குத்தப்பட்டார்கள். இரண்டே ஆண்டுகளில் ஏறக்குறைய 18 லட்சம் பேர் குடும்பத்தோடு வடக்குக்கும் சைபீரியாவுக்கும் கொண்டுபோய் விடப்பட்டார்கள். பயிர் சரிந்தபோதும் கொள்முதல் குறையவில்லை, தானிய ஏற்றுமதியும் நிற்கவில்லை. 1932 ஆகஸ்ட் 7 சட்டப்படி, கூட்டுப்பண்ணை வயலில் கதிர் பொறுக்கினாலும் பத்தாண்டுச் சிறையோ மரணமோ கிடைக்கலாம். 1933 ஜனவரியில், பசித்த விவசாயிகள் உக்ரைனையும் குபானையும் விட்டு வெளியேறத் தடை வந்தது. அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் 50 லட்சத்திலிருந்து 70 லட்சம் வரை என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள்; உக்ரைனும் கஜகஸ்தானும் மிக மோசமாக அழிந்தன.

உக்ரைன் கட்சிச் செயலாளர்களில் ஒருவரான தெரெகோவ், பஞ்சத்தைப் பற்றி ஸ்டாலினிடம் நேரில் சொன்னதாகவும், நீங்கள் நன்றாகக் கதை சொல்கிறீர்கள், எழுத்தாளர் சங்கத்தில் சேருங்கள் என்று பதில் வந்ததாகவும் பின்னாளில் தெரிவித்தார். சுதந்திரமான பத்திரிகை ஒன்றுகூட இல்லாத நாட்டில் அவருடைய பேச்சு அந்த அறையோடு நின்றது. 1937 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 16.2 கோடி என்று வந்தது; 16.8 கோடி என்று ஸ்டாலின் 1934-இலேயே அறிவித்திருந்தார். கணக்கெடுப்பு செல்லாது என்று ரத்து செய்யப்பட்டது. அதை நடத்திய புள்ளியியலாளர்கள் கைதானார்கள்.

1934–1938: கட்சி கட்சியையே தின்றது

1934 டிசம்பர் 1 அன்று லெனின்கிராடில் கீரோவ் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்றே ஒரு சட்டம்: பயங்கரவாத வழக்குகளில் பத்து நாளில் விசாரணை, மேல்முறையீடு கிடையாது, தண்டனை உடனடி. பேச்சுரிமையும் ரகசிய வாக்கும் எழுதப்பட்ட புதிய அரசியல் சட்டம் 1936 டிசம்பரில் வந்தது. ஜினோவியெவும் காமெனெவும் அந்த ஆகஸ்டிலேயே சுடப்பட்டுவிட்டார்கள்.

1937 ஜூலை 30 தேதியிட்ட 00447-ஆம் எண் உத்தரவுதான் மிகக் கொடியது. ஒவ்வொரு பிராந்தியத்துக்கும் இரண்டு எண்ணிக்கைகள்: முதல் வகை சுட்டுக்கொல்ல, இரண்டாம் வகை எட்டு முதல் பத்து ஆண்டுகள் முகாமுக்கு. மூன்று பேர் கொண்ட குழு பட்டியலைப் பார்த்துத் தீர்ப்பு எழுதியது. உள்ளூர் அதிகாரிகள் ஒதுக்கீட்டை உயர்த்தித் தரச்சொல்லி மாஸ்கோவுக்கு எழுதினார்கள். இந்த உத்தரவிலும் மற்ற அரசியல் வழக்குகளிலும் சேர்த்து 1937, 1938 ஆகிய இரண்டு ஆண்டுகளில் சுடப்பட்டவர்கள் காவல்துறைப் பதிவின்படியே 6,81,692 பேர். இவர்களில் மிகப் பலர் விவசாயிகள், தொழிலாளர்கள், சிறுபான்மை இனத்தவர்.

‘வெற்றியாளர்களின் மாநாடு’ எனப்பட்ட 1934 மாநாட்டின் 1,966 பிரதிநிதிகளில் 1,108 பேர் கைதானார்கள். அங்கே தேர்வான 139 மத்தியக் குழு உறுப்பினர், மாற்று உறுப்பினர்களில் 98 பேர் கொல்லப்பட்டார்கள். ஸ்டாலினின் நியமனத்தால் மேலே வந்தவர்களே இவர்களில் மிகுதி.

தவிர்த்திருக்க முடியாதா?

ஏழை விவசாய நாடு, ஜெர்மனியில் எதிர்பார்த்த புரட்சி தோற்றது, அந்நியப் படையெடுப்பு ஆகிய சூழல்கள் எல்லாம் உண்மை. ஆனாலும் 1917 நவம்பரில் கூட்டணி அரசு என்ற வாய்ப்பு மேசை மீது இருந்தது. 1921-இல் போர் முடிந்திருந்தது. இரண்டு முறையும் கட்சிக்குள்ளேயே வேறு குரல் ஒலித்தது. சூழல் நெருக்கியது, முடிவெடுத்தவர்கள் மனிதர்கள்.

ஸ்டாலினின் குணம் அழிவின் அளவை நிச்சயம் கூட்டியது. ஆனால் அவர் இல்லாத இடத்திலும் அதே அமைப்பு அதே வழியில் சென்றதைச் சீனா காட்டுகிறது. 1959-இல் லூஷான் கூட்டத்தில் பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாய், தொழிலையும் விவசாயத்தையும் அதிவேகமாக வளர்க்க மாவோ கொண்டுவந்த ‘பெரும் பாய்ச்சல்’ திட்டத்தின் குறைகளைக் கடிதமாக எழுதி மாவோவிடம் தனிப்பட்ட முறையில் கொடுத்தார். அணி கட்டினார் என்ற குற்றச்சாட்டில் பதவி இழந்தார். திட்டம் தொடர்ந்தது, பஞ்சமும் தொடர்ந்தது.

ஸ்டாலினுக்குப் பின் கட்சித் தலைவரான குருஷ்சேவ் 1956 பிப்ரவரி 25 அன்று மூடிய அரங்கில் ஸ்டாலினின் குற்றங்களைப் போட்டுடைத்தது பெரும் துணிச்சல். ஆனால் அவர் காட்டிய காரணம் தனிமனித வழிபாடு. பட்டியலிட்ட கொலைகளோ பெரும்பாலும் 1934-க்குப் பிறகானவை. டிராட்ஸ்கியையும் புகாரினையும் கட்சி முறியடித்தது சரிதான் என்று அதே உரையில் சொன்னார். அணித் தடையை அவர் தொடவில்லை. புகாரின் மீதான தீர்ப்பு ரத்தாக 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கட்சியின் தனி ஆட்சியுரிமையை எழுதிவைத்த அரசியல் சட்டப் பிரிவு திருத்தப்பட்டது 1990 மார்ச்சில்தான். மறு ஆண்டு டிசம்பரில் சோவியத் ஒன்றியமே கலைந்தது.